சம்பந்தி வீட்டார் செங்கல் நிறமான விவரம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

பெண்ணைக் கொடுத்தவன் என்ற உரிமையோடும், பிள்ளையைப் பெற்றவர் கோபமாக இருக்கிறார் என்ற பயத்தோடும் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் நலம். அங்கே தாங்களும் சம்பந்தி அம்மாவும் மாப்பிள்ளையும் எங்கள் மகளும் நலமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். குடும்பக் குழுவிலிருந்து தாங்கள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் விலகிவிட்டீர்கள். போன் செய்தால் மணி அடித்து அடித்து ஓய்கிறது. சிறைக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற தாங்கள், ஒருவரோடு பேசுவதில்லை என்று முடிவெடுத்தால் அதைக் கடைசிவரை நடத்திக்காட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் கைதிகள் எழுதும் கடிதங்களை ஒரு வரி விடாமல் படிப்பது தங்கள் வழக்கம் என்று மாப்பிள்ளை ஒருமுறை சொன்னார். அந்த நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

கல்யாண வீடியோவில் தங்கள் பக்கத்து உறவினர்கள் அத்தனை பேரும் சூளையிலிருந்து அப்போதுதான் எடுத்த செங்கல் போல இருந்ததும், எங்கள் பக்கத்தார் மட்டும் குளித்துவிட்டு இளவெயிலில் வந்து நின்றவர்களைப் போல மினுமினுத்ததும் உண்மை. அதை நான் மறுக்கவில்லை. வேண்டுமென்றே செய்தேன் என்பதைத்தான் மறுக்கிறேன். வேண்டுமென்றே செய்யும் அளவுக்கு அந்த வேலை எனக்குத் தெரியாது.

நடந்தது இதுதான். நம் வீடியோக்காரர் வேறொரு கல்யாணத்தில் மேடையில் பின்னோக்கியே நடந்து கீழே விழுந்து வலது கையை முறித்துக்கொண்டார். கட்டுப் போட்ட கையோடு வீட்டுக்கு வந்து, எடுத்ததெல்லாம் இந்த ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது, வெட்டி ஒட்டிக் கொடுக்க என்னால் இப்போது முடியாது, வேறு ஆள் யாராவது இருந்தால் பாருங்கள் என்று வருத்தப்பட்டார். எங்களிடம் ஆள் இருக்கிறது என்று நான் சொன்னேன். என் மனைவி, யார் அந்த ஆள் என்று திரும்பிப் பார்த்தாள். ஆயுள் முழுவதும் நிலம் அளந்தவன் நான், காடு மேடு எல்லாவற்றையும் ஒரு தாளுக்குள் கொண்டுவந்தவன், ஒரு கல்யாணத்தை ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவர முடியாதா என்று நினைத்தேன். காசில்லாமல் கிடைக்கும் எடிட்டிங் மென்பொருள் ஒன்றைக் கணினியில் ஏற்றி, முதல் காட்சியைத் திறந்தேன். திறந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் சாம்பல். மண்டபத்துக்குள் பனி இறங்கியது போலவும், அந்தப் பனியில் நம் இரு குடும்பங்களும் உடம்பு சரியில்லாமல் நிற்பது போலவும் இருந்தது. மகளின் சிவப்புப் புடவை பல வருடம் வெயிலில் காய்ந்த திரைச்சீலை மாதிரி கிடந்தது.

கேமராவில் கோளாறு என்று எனக்குத் தோன்றவில்லை. என் கண்ணில்தான் கோளாறு என்று தோன்றியது. என் வயதில் அதுதானே முதலில் தோன்றும். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கண் மருத்துவரிடம் போனேன். அவர் என் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்து, புரை எதுவும் இல்லை என்றார். அப்படியானால் இதைப் பாருங்கள் என்று திரையைத் திறந்து காட்டினேன். பார்த்தவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு பக்கத்து அறையிலிருந்த இன்னொரு மருத்துவரைக் கூப்பிட்டுக் காட்டினார். வெளியே நோயாளிகள் காத்திருக்க, இரண்டு கண் மருத்துவர்கள் நம் வீட்டுக் கல்யாணத்தைப் பார்த்துக் கவலைப்பட்டார்கள்.

அதன் பிறகுதான் வீடியோக்காரருக்குப் போன் செய்தேன்.

“சார், அது லாக்ல எடுத்தது,” என்றார்.

லாக் என்றால் பூட்டு என்று நினைத்து, சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன்.

“பூட்டு இல்ல சார். பள்ளிக்கூடத்துல லாகரிதம்னு ஒண்ணு படிச்சிருப்பீங்களே, அந்த லாக்.”

சம்பந்தி, இந்த இடத்தில்தான் எனக்குப் புத்தி கெட்டது. லாகரிதம் அட்டவணையைப் பார்த்துப் பார்த்துக் கணக்குப் போட்டே சம்பாதித்தவன் நான். கல்யாண வீடியோவுக்குள்ளிருந்து அது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் என்று யார் எதிர்பார்த்தார்கள்? வீடியோக்காரர் பொறுமையாக விளக்கினார். வெளிச்சமான இடத்துக்கும் இருட்டான இடத்துக்கும் உள்ள தூரம் கேமராவுக்குக் கொள்ளாத அளவு பெரியதாம். அதனால் எல்லாவற்றையும் மடித்துச் சுருக்கி, பெரிய போர்வையைச் சின்னப் பெட்டியில் திணிப்பது போலத் திணித்துப் பதிந்துகொள்ளுமாம். அதனால்தான் பார்க்கச் சாம்பலாக இருக்கிறது. பிறகு அதை விரித்து, நீவி, பழைய நிறத்துக்குக் கொண்டுவர ஓர் அட்டவணை இருக்கிறது. அதற்கு ‘லட்’ என்று பெயர். இந்த நிறம் உள்ளே வந்தால் அந்த நிறத்தை வெளியே அனுப்பு என்று வரிசையாக எழுதி வைத்திருக்கும். மென்பொருள் படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் எடுத்து, அட்டவணையில் தேடி, எதிரே எழுதியிருக்கும் நிறத்தைப் பூசிவிடும். அவ்வளவுதான் சங்கதி. ஹார்ட் டிஸ்கில் அந்த அட்டவணையும் இருக்கிறது, எடுத்துப் போடுங்கள் என்றார்.

போட்டேன். ஒரே ஒரு சொடுக்கு. மகளின் புடவை சிவந்தது. அவள் முகத்தில் ரத்தம் ஓடியது. பூமாலைகளில் பூ வந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவியை ஈரக் கையோடு இழுத்து வந்து காட்டினேன். அவள் பார்த்துவிட்டு “அட” என்றாள். எங்கள் வீட்டில் அது பெரிய விருது.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் ஒரு அட்டவணை இவ்வளவு செய்யும் என்றால் இன்னொரு அட்டவணை என்ன செய்யும் என்று ஒருவனுக்குத் தோன்றாதா? இணையத்தில் தேடினால் இந்த லட்டுகளை மூட்டை மூட்டையாக இலவசமாகக் கொடுக்கிறார்கள். பெயர்களைப் படித்தாலே மயக்கமாக இருக்கும்: பொன்மாலை, மழைக்குப் பின், கைவிடப்பட்ட ஊர், தேன், துரு. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ‘மழைக்குப் பின்’ போட்டதும் மண்டபத்து நாற்காலிகள்கூட யாரையோ பிரிந்து வாடுவது போல இருந்தன. ‘துரு’வில் மாப்பிள்ளை, சுவரில் மாலை போட்டு மாட்டிய மூதாதையர் படம் மாதிரி ஆகிவிட்டார். உடனே எடுத்துவிட்டேன், சத்தியமாக. கடைசியில் ‘பொன்மாலை’ எனக்குப் பிடித்தது. நிழலெல்லாம் இளநீலமாகும், முகமெல்லாம் பொன்னாகும். சினிமா மாதிரி இருந்தது. என் மனைவி வந்து பார்த்து, போதும், கண்ணுக்கு நன்றாக இருக்கும்போதே எழுந்து வாருங்கள் என்றாள். நான் எழுந்து வரவில்லை. முழு வீடியோவுக்கும், முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை, பொன்மாலையையும் பழைய அட்டவணையையும் சேர்த்துப் பூசி, முழுதாக ஒருமுறை ஓட்டிக்கூடப் பார்க்காமல், குடும்பக் குழுவில் அனுப்பிவிட்டு, பாராட்டுக்காகப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதலில் வந்தது மாப்பிள்ளையின் அத்தை, அதாவது தங்கள் சகோதரி. எழுதவில்லை, பேசி அனுப்பியிருந்தார். முகத்துக்கு மஞ்சள்கூடப் பூசாமல் வந்தவள் நான், என் முகத்தில் இவ்வளவு பெயின்ட் அடித்தது யார் என்று கேட்டார். அவருடைய வெளிர் ஊதாப் புடவை, சாலை வேலை நடக்கும் இடத்தில் போட்டுக்கொள்ளும் மேலங்கி மாதிரி இருட்டிலும் தெரியும் நிறமாகியிருந்தது. அதற்குப் பிறகு தங்கள் பக்கத்துப் பெரியப்பா, சித்தப்பா, அவர்கள் பிள்ளைகள். பிறகு தாங்கள் விலகியதாக ஒரு வரி. பிறகு சம்பந்தி அம்மா என் மனைவிக்குப் போன் செய்தார். என் மனைவி போனை ஒலிபெருக்கியில் போட்டு என் எதிரே மேசையில் வைத்துவிட்டாள்.

“உங்க ஆளுங்க எல்லாம் பளபளன்னு இருக்காங்க. எங்க ஆளுங்கள மட்டும் வேகவச்சு எடுத்த மாதிரி இருக்கு. தற்செயலா அப்படி ஆகுமா? நீங்களே சொல்லுங்க.”

என் மனைவி, எனக்கும் அதே சந்தேகம்தான் என்றாள். இதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். வழக்கு என்று வந்தால் அவள் தங்கள் பக்கத்துச் சாட்சி.

அத்தனையையும் தாங்கிக்கொண்டேன். மறுநாள் மகள் பேசினாள். அழவில்லை. சாதாரணமாகத்தான் பேசினாள். என்ன சாப்பிட்டாய், அங்கே வெயிலா மழையா என்று நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். வைக்கப் போகும்போது தன் மாமியாரைப் பற்றிச் சொன்னாள்:

“அப்பா, அத்தை காபி போடும்போது எப்பவும் எனக்கும் வேணுமான்னு கேப்பாங்க. நேத்துலேருந்து கேக்கல.”

நான் நேராகக் கணினி முன்னால் போய் உட்கார்ந்தேன். இது எப்படி நடந்தது என்று தெரியாமல் எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்தேன். ஒரே அட்டவணை. ஒரே மண்டபம். ஒரே கல்யாணம். அதெப்படி நடுவில் கோடு போட்டது போல தங்கள் பக்கத்தாரை மட்டும் சுடும்? நிலத்தில் இப்படி வந்தால் எல்லைக்கல்லை யாரோ நகர்த்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அட்டவணைக் கோப்பையே திறந்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. சாதாரண எழுத்துக் கோப்புதான், திறக்கிறது. உள்ளே பார்த்தால் வெறும் எண்கள். வரிக்கு மூன்று எண்: சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு. இப்படியே ஆயிரக்கணக்கான வரிகள் கீழே கீழே போய்க்கொண்டே இருக்கின்றன. எல்லா நிறத்துக்கும் வரி கிடையாது. இரண்டு வரிக்கு நடுவில் விழுகிற நிறத்துக்கு, பக்கத்து வரிகளைப் பார்த்து ஒரு மாதிரி கணித்துக்கொள்கிறது. இரண்டு அளவைக்கல்லுக்கு நடுவில் உள்ள உயரத்தை நாங்கள் கணிக்கிற அதே முறை. அன்று முழுவதும் வாசித்தேன். சம்பந்தி, கோபப்படாதீர்கள், அந்தக் கவலைக்கு நடுவிலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உலகத்தின் நிறமெல்லாம் ஒரு சதுரப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருப்பதைப் பார்க்க யாருக்குக் கிடைக்கும்? அதில் முகம் என்று எதுவும் இல்லை. சம்பந்தி என்றோ, சம்பந்தியின் தங்கை என்றோ ஒரு வரி இல்லை. சுவரா, கன்னமா என்று அதற்குத் தெரியாது. எண் வந்தால் எண் போகும்.

தங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். சிறை வாசலில் ஒரு காவலர் பட்டியலோடு நிற்கிறார். உள்ளே வருகிறவன் எல்லாம் கைதி என்று அவருக்குச் சொல்லியிருக்கிறது. வருகிறவனுக்குச் சீருடை கொடுத்து அறைக்கு அனுப்புகிறார். அவர் மேல் தப்பே இல்லை. ஆனால் அன்றைக்கென்று கைதியைப் பார்க்க வந்த விருந்தாளி அதே வாசலில் நுழைந்தால்? அவருக்கும் சீருடைதான். தங்கள் குடும்பத்தார் விருந்தாளிகள். அவர்களை உள்ளே தள்ளியவன் நான்.

எப்படி என்று சொல்கிறேன். வீடியோக்காரர் ஒரு கேமராவோடு எங்கள் பக்கம் நின்றார். இன்னொரு கேமராவைத் தன் மச்சானிடம் கொடுத்துத் தங்கள் பக்கம் நிறுத்தினார். அந்த மச்சான் எடுத்தது மட்டும் சாம்பலாக இல்லை, ஆரம்பத்திலேயே சரியான நிறத்தில் இருந்திருக்கிறது. அதை நான் கவனிக்காமல் அதற்கும் அட்டவணையைப் பூசிவிட்டேன். ஏற்கெனவே விரித்து நீவிய போர்வையை மறுபடி விரித்து இழுத்தால் கிழியாமல் என்ன செய்யும்? வீடியோக்காரரிடம் கேட்டேன், ஏன் இரண்டு கேமராவும் இரண்டு விதம் என்று.

“மச்சான்கிட்ட லாக்ல வச்சு எடுன்னுதான் சார் சொன்னேன். அவன் மெமரி கார்டுல இருக்கற குட்டிப் பூட்டத் தள்ளி விட்டுட்டான். கேமரா பதிய மாட்டேங்குதுன்னு திரும்பவும் தள்ளி விட்டுட்டு, எப்பவும் போல எடுத்திருக்கான்.”

லாக் என்றால் பூட்டு என்று நினைத்தவன் நான் ஒருவன் மட்டும் இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். ஆனால் இரண்டு குடும்பத்துக்கு நடுவில் வந்த சண்டைக்கு, நானும் அந்த மச்சானும் ஒரே சொல்லை ஒரே மாதிரி தப்பாகப் புரிந்துகொண்டதுதான் காரணம் என்பதைத் தங்கள் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை. இன்னொரு தப்பும் செய்திருந்தேன். பொன்மாலையை முதலில் போட்டு, விரிக்கிற அட்டவணையை அதற்கு மேல் போட்டிருந்தேன். சட்டையைப் போட்டுக்கொண்டு அதற்கு மேல் பனியனைப் போட்ட கதை. எங்கள் பக்கம் அது எப்படியோ தப்பித்துவிட்டது, தங்கள் பக்கம் தப்பிக்கவில்லை.

எல்லாவற்றையும் கழற்றினேன். மச்சான் எடுத்த காட்சிகளைத் தனியாகப் பிரித்து, அவற்றுக்கு விரிக்கிற அட்டவணையே போடாமல், பொன்மாலையை மட்டும் கால்வாசி அளவுக்குக் குறைத்துப் பூசினேன். அந்தக் குறைக்கிற திருகு அங்கேயேதான் இருக்கிறது, முதல் நாளே இருந்திருக்கிறது. தங்கள் சகோதரியின் புடவை வெளிர் ஊதாவாகத் திரும்பியது. அந்த ஒரு துண்டை மட்டும் மகளுக்கு அனுப்பினேன். அவள் சம்பந்தி அம்மாவிடம் காட்டியிருக்கிறாள். அவர் இரண்டு முறை பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போனாராம். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து, உனக்குச் சர்க்கரை எவ்வளவு என்று குரல் வந்ததாம். எவ்வளவு என்று அவருக்குத் தெரியும் என்பது மகளுக்கும் தெரியும்.

இத்தோடு கடிதத்தை முடித்திருப்பேன். ஆனால் தங்களிடம் மட்டும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

கடைசிக் காட்சி, மகளும் மாப்பிள்ளையும் வண்டியில் ஏறுவது. அது எங்கள் பக்கத்துக் கேமரா எடுத்தது. அட்டவணை போட்டுப் பார்த்தால் வண்டி பளிச்சென்று இருக்கிறது, பின்னால் மண்டபத்துத் தூண் பக்கம் கன்னங்கரேல் என்று இருட்டு. அட்டவணையை எடுத்துவிட்டுச் சாம்பலாகப் பார்த்தேன், சும்மா, என்ன வித்தியாசம் என்று தெரிந்துகொள்ள. சாம்பலில் அந்த இடம் இருட்டாக இல்லை. அங்கே ஒரு மனிதர் நிற்கிறார். முதுகைக் காட்டிக்கொண்டு தூணைப் பார்த்து நிற்கிறார். கையில் கைக்குட்டை. தோள் குலுங்குகிறது. குனிகிறார், நிமிர்கிறார், முகத்தைத் துடைக்கிறார், மறுபடி குலுங்குகிறது. வண்டி கிளம்பிப் போகும்வரை திரும்பவே இல்லை. யாரென்று பார்க்க, நிழலைத் தூக்கிக் காட்டும்படி பொன்மாலையைப் போட்டேன். இளநீலச் சட்டை. அன்றைக்கு இளநீலச் சட்டை போட்டிருந்தது தாங்கள் ஒருவர்தான்.

சம்பந்தி, இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பெண்ணை அனுப்பியவன் நான். நானே அந்த நேரத்தில் திடமாக இருந்தேன். மண்டபத்து மின்விசிறிகளை அணைத்தார்களா என்று பார்க்கப் போய்விட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மருமகளை வீட்டுக்கு அழைத்துப் போகிறவர் தாங்கள், தாங்கள் ஏன் அழ வேண்டும் என்று எனக்குப் புரியவே இல்லை. அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். வருடக்கணக்காகச் சிறை வாசலில் நின்று, அழுகிறவர்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கப் பழகிய மனிதருக்கு, ஒரு பெண் தன் வீட்டை விட்டு வருவதைப் பார்த்ததும் எல்லாம் சேர்ந்து வந்துவிட்டதோ என்னவோ. சிலருக்கு மனசு இளகியதாக இருக்கும். எனக்கு அப்படி இல்லை, ஆனால் என்னால் புரிந்துகொள்ள முடியும். அடக்கி வைக்காதீர்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். காலையில் கொஞ்சம் நடங்கள். பேசத் தோன்றினால் என்னிடம் பேசுங்கள், என்னைவிடத் திடமான ஆள் தங்களுக்குக் கிடைக்க மாட்டார். எங்கள் மகள் இப்படிப்பட்ட ஒருவர் வீட்டுக்குத்தான் போயிருக்கிறாள் என்று தெரிந்த பிறகு, தாங்கள் என்னோடு பேசாவிட்டாலும் எனக்குக் கவலை இல்லை.

அந்த இடத்தை நான் யாருக்கும் காட்டவில்லை. அட்டவணையைத் திரும்பப் போட்டுவிட்டேன். தூண் பக்கம் மறுபடி இருட்டாகிவிட்டது. இத்துடன் வைத்திருக்கும் பென் டிரைவில் இருக்கும் வீடியோவை யார் பார்த்தாலும் அங்கே வெறும் கறுப்புதான் தெரியும்.

மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகள். சம்பந்தி அம்மாவுக்கு எங்கள் அன்பும், தங்கள் சகோதரிக்கு அவருடைய புடவையின் சரியான நிறத்தோடு என் மன்னிப்பும். இரண்டு வீட்டாரும் எந்த வெளிச்சத்திலும் நல்ல நிறமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,

என்றும் தங்கள் அன்பை எதிர்பார்க்கும்,
தங்கள் சம்பந்தி.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது என் மனைவி கடிதத்தை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு அந்தக் கடைசிக் காட்சியைப் போட்டுக் காட்டச் சொன்னாள். காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இது அவரு இல்ல. நீங்க.”

சட்டை நீலம் அல்லவா என்றேன். பொன்மாலையை எடுக்கச் சொன்னாள். எடுத்து, தூண் பக்கம் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் கூட்டினேன். சட்டை சந்தன நிறமானது. அது என்னுடையதுதான். அந்த லட், நிழலில் இருப்பதையெல்லாம் நீலமாக்கும் என்று நானே தங்களுக்கு மேலே எழுதியிருக்கிறேன். அப்போதும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தத் தலையில் உச்சியில் வட்டமாக வழுக்கை இருக்கிறதே, எனக்கு ஏது என்று கேட்டேன்.

“கல்யாணம் ஆனதுலேருந்து உங்களுக்குப் பின்னாடிதான நடந்து வர்றேன். எனக்குத் தெரியாதா?”

மின்விசிறி சுவிட்சுகள் அந்தத் தூணில்தான் இருந்தன. அங்கே போனது ஞாபகம் இருக்கிறது. சுவிட்சைத் தொட்ட ஞாபகம் இல்லை. மற்றது எதுவும் ஞாபகம் இல்லை. புதிதாக ஒரு கடிதம் எழுதுகிறேன் என்றேன். வேண்டாம், இதுவே போகட்டும் என்று அவளே உறையை ஒட்ட வாங்கிக்கொண்டாள். ஆகவே சம்பந்தி, மேலே தங்களுக்கு நான் சொல்லியிருக்கும் ஆறுதல்களையெல்லாம், தண்ணீர் குடிக்கச் சொன்னது உட்பட, முடிந்தால் ஒருமுறை போன் செய்து எனக்கே திருப்பிச் சொல்லிவிடவும்.